அறுபத்திரண்டாம் பக்கத்து ஒட்டு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. பேசவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். முன்னுக்குப் பின் மாறியும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதுவதற்குக் காரணம் ஒரு போட்டோ. கல்லூரி நூலகத்தில் நான் பார்த்த வேலையை இப்போது சுமதி என்ற பெண் பார்க்கிறாள். போன மாதம் செங்கல்பட்டில் என் வீடு தேடி வந்தாள். கையில் கல்லூரி மலர். நூலகத்தைப் பற்றி நாலு பக்கம் போட்டிருக்கிறார்கள். அதில் நானும் நீமாவும் பசை மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற போட்டோ. கீழே, "இனம் கடந்த நட்பு: ஆப்பிரிக்க மாணவியும் நூலக ஆயாவும்" என்று எழுதி, பாடத்தில் இருந்த பழைய இங்கிலீஷ் நாவலில் வரும் நட்பைப்போல எங்கள் நூலகத்திலும் ஒரு நட்பு மலர்ந்தது என்று போட்டிருந்தது.

"சூப்பரா கீதுல்லக்கா?" என்றாள் சுமதி.

நான் இரண்டு தடவை படித்தேன். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். என் பேர் இல்லை. நீமா பேரும் இல்லை. நடந்தது எதுவும் இல்லை. மறுபடி சுமதி வந்தபோது அதைச் சொன்னேன். "அப்டின்னா நீயே எழுதிக் குடுக்கா, அடுத்த மலர்ல போடச் சொல்றேன்" என்று நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய கல்லூரி அது. பெருக்குகிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். நூலகம் திறந்தபோது மூட்டை பிரிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பைண்டிங் செய்ய வந்த பெரியவர் ஒருவர் மூன்று மாதம் பசை காய்ச்சவும் தைக்கவும் காட்டிக்கொடுத்தார். அவர் போன பிறகு ரிப்பேர் ரூம் என் பொறுப்பில் வந்தது. கடைசிவரை காண்ட்ராக்ட்தான்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் பின்னால் வருவது புரியும்.

புதுப் புத்தகம் வந்தால் மூன்று இடத்தில் முத்திரை குத்த வேண்டும். முதல் பக்கம், கடைசிப் பக்கம், அப்புறம் முப்பத்தேழாம் பக்கம். முப்பத்தேழு எங்களுக்குள் ரகசியம். யாராவது முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு என்னுடையது என்று சாதித்தால் அதைத் திறந்து காட்டலாம். உள் அட்டையில் ஒரு பை ஒட்டி அதில் கார்டு செருகுவோம். எடுத்துப் போகிறவர் பேர் அந்தக் கார்டில் ஏறும். புத்தகம் திரும்பி வந்தால் முதுகைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதற வேண்டும். பஸ் டிக்கெட், மயிலிறகு, ஹேர்பின், ஒரு தடவை காய்ந்த தோசைத் துண்டுகூட விழுந்தது. பிறகு பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்து, ரிஜிஸ்டரில் நிலை என்ற கட்டத்தில் "ந" அல்லது "சே" போட வேண்டும். நன்று, சேதம். அந்த எழுத்தைப் போடுவது நான்.

லைப்ரேரியன் சார் வேலையில் சுத்தமானவர். அதை நான் மறுக்க மாட்டேன். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் மேசையில் மூன்று தட்டு தட்டி நேராக்கிவிட்டுத்தான் திறப்பார். பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார், பேனா மூடியைத்தான் பார்ப்பார். கோபம் வந்தால் குரல் இறங்கும். அவர் மெதுவாகப் பேசினால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தாம்மா" என்பார். அவர் அடிக்கடி சொல்வது, "ரிஜிஸ்டர்ல இல்லாதது நடக்கல" என்று.

சேர்ந்த புதிதில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்ததை ரப்பர் வைத்துச் சுத்தமாக அழித்துவிட்டேன். அது ஒரு புரொபசர் அம்மா எழுதிவைத்த குறிப்பாம். சார் என்னைக் கூப்பிட்டு, மிக மெதுவாக, "இங்கிலீஷ்ல எது எழுதியிருந்தாலும் நீ தொடாத. நீ ஒரு முடிவுக்கு வராத. உனக்குத் தெரியாது" என்றார். அன்றிலிருந்து இங்கிலீஷ் புத்தகத்தில் கிழிசலைப் பார்ப்பேன், கறையைப் பார்ப்பேன், கையெழுத்தைப் பார்த்தால் கண்ணைத் திருப்பிக்கொள்வேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு வடிவம்தான். இந்த வடிவமும் அந்த வடிவமும் ஒன்றா என்று ஒத்துப் பார்க்க மட்டும் தெரியும்.

கொரோனா வருவதற்கு முந்தைய வருடங்களில் நீமா வந்து சேர்ந்தாள். தான்சானியா. அவள் ஊர் கடற்கரையாம். உயரமான பெண். நூலகத்தில் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அந்த மேசை காலியாகிவிடும். என் கண்ணால் பார்த்தது இது. நாலு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், இவள் வந்து பையை வைப்பாள், ஒருத்திக்கு போன் வரும், ஒருத்திக்குத் தண்ணி தாகம் வரும், கொஞ்ச நேரத்தில் இவள் மட்டும் இருப்பாள். பையன்கள் பின்னால் நின்று அவள் தலைமுடி தெரிகிற மாதிரி செல்பி எடுப்பார்கள். கடைசியில் ரிப்பேர் ரூம் வாசலில், ஃபேன் இல்லாத மேசைக்கு வந்தாள். அங்கே நான்தான் இருந்தேன்.

முதல் நாள் ஏதோ இங்கிலீஷில் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாம் நாள் டிபன் டப்பாவைத் திறந்தபோது, "இன்னா ஆயா, புளிசோறா?" என்றாள். கைகழுவப் போனவள் பாதி வழியில் நின்றுவிட்டேன்.

"யார்கிட்ட கத்துகினே?"

"ஆட்டோகாரு அண்ணாத்த."

"வேற இன்னா சொல்லிக் குடுத்தாரு?"

அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. நான் சிரித்த சத்தத்துக்கு சார் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

அந்த வருடம் அவர்கள் வகுப்புக்கு ஒரு பழைய நாவல் பாடம். பெரிய பேர் வாங்கிய நாவலாம். ஒரு வெள்ளைக்காரனுக்கும் ஒரு கறுப்பு ஆளுக்கும் உள்ள சினேகம்தான் கதை. பொங்கல் லீவு முடிந்ததும் நீமா அந்தப் புத்தகத்தை எடுத்தாள். மத்தியானம் நான் பசை தடவும்போது, படித்த வரைக்கும் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்வாள். இடது கை பக்கத்தைப் புரட்டும். வலது கை ஓரத்தில் பரப்பி வைத்தபடியே இருக்கும். உட்காரும் விதம் அப்படி என்று நினைத்தேன்.

"வெள்ளக்காரனுக்கு ஜுரம் ஆயா. அவன் தூக்கினு போறான். நாலு நாளு."

"யாரு யார?"

"கருப்பு ஆளு, வெள்ளக்காரன."

"நாலு நாளா? இவனுக்குக் காலு வலிக்கலயா?"

"அது எழுதல."

"சோறு?"

"வெள்ளக்காரனுக்குக் கஞ்சி குடுத்தான். அவன் துன்னானா, எழுதல."

"அவன் பேரு இன்னா?"

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டித் தேடினாள். "மக்காமே. ஒரே வாட்டிதான் வருது. மீதி எல்லா எடத்துலயும் வேற வார்த்த." அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை. இங்கே சாதியைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களே, அந்த மாதிரி வார்த்தை என்றாள். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. என் அம்மா கழனி வேலைக்குப் போன ஊரில் அவளுக்கும் ஒரு பேர் இருந்தது. அது யாருக்கும் தெரியாது.

முடிவையும் சொன்னாள். வெள்ளைக்காரன் ஊருக்குப் போய்ப் பெரிய ஆள் ஆகிறான். தன் உயிர் சினேகிதன் என்று நாலு பேரிடம் சொல்கிறான். சினேகிதன் அவனைப் பார்க்கக் கடல் தாண்டி வருகிறான். சமையற்கட்டு வாசலில் நிற்க வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்புகிறார்கள். வெள்ளைக்காரன் மாடியிலிருந்து பார்த்து அழுகிறானாம்.

"கீய எறங்கி வரலியா?"

"வரல ஆயா."

"இதுக்கு இன்னாத்துக்கு அழுவுறான்?"

"அதான் பரீட்ச கேள்வி" என்று சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. தொங்கவிட்டு உதறினேன். பின்னாலிருந்து புரட்டினேன். பாதிக்கு முன்னால், பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு மை. அச்சில் இருந்த ஒரு சொல்லை வெட்டி, மேலே பொடி எழுத்தில் வேறு ஒரு சொல். எல்லா இடத்திலும் ஒரே சொல். ஓரத்தில் ஏற்கெனவே இருந்த சிவப்புக் கையெழுத்தின்மேலும் கறுப்புக் கோடு.

சிவப்பு ஏற்கெனவே இருந்தது எனக்குத் தெரியும். பொங்கலுக்கு முன்னால் அந்தப் புத்தகம் திரும்பி வந்தபோதே பார்த்தேன். அச்சில் ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதிலிருந்து ஓரத்துக்கு அம்பு, அங்கே சிவப்பில் ஒரு சின்னச் சொல். அதே சொல், அதே அம்பு, பத்துப் பதினைந்து பக்கத்தில். கஷ்டமான வார்த்தை போலிருக்கிறது, பிள்ளைகள் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இங்கிலீஷில் எழுதியிருந்தால் தொடாதே என்று சொல்லியிருக்கிறாரே. ரிஜிஸ்டரில் "ந" போட்டேன்.

புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றபோது, மேசைமேல் நீமா மறந்து விட்டுப்போன அடையாள அட்டை இருந்தது. அதில் அவள் பேர் இங்கிலீஷில் ஐந்து எழுத்து. ஓரத்துச் சிவப்பைப் பார்த்தேன். ஐந்து எழுத்து. முதல் வடிவம் அதே. நடுவில் இரண்டு ஒன்றுபோல. கடைசி அதே. யாரோ, நீமா வாயால் சொல்லாத அந்த வசவைக் காட்டி அம்பு போட்டு அவள் பேரை எழுதியிருக்கிறார்கள். பக்கம் பக்கமாக. அதற்கு நான் நன்று போட்டிருக்கிறேன்.

அதற்குள் சார் என் பின்னால் வந்துவிட்டார். புத்தகத்தை வாங்கி மூன்று தட்டு தட்டினார். திறந்து பார்த்தார். மெதுவாக, "இந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்றார்.

நீமா நடந்ததைச் சொன்னாள். சிவப்பு முன்பே இருந்தது, இங்கிலீஷ் மேடத்திடம் காட்டினேன், பசங்க விளையாட்டு என்றார்கள், ஹாஸ்டலில் காட்டினேன், சிரித்தார்கள், அதனால் நானே வெட்டி அந்த ஆளுடைய சொந்தப் பேரை எழுதினேன் என்றாள். சார் ரிஜிஸ்டரைத் திருப்பி என் "ந"வைக் காட்டினார். "நீ எடுத்துப் போறப்போ புஸ்தகம் நல்லா இருந்திருக்கு. ரிஜிஸ்டர் சொல்லுது. சிவப்பும் நீ, கறுப்பும் நீ." நூலகச் சொத்தைச் சேதப்படுத்தினாள், மற்ற மாணவர்கள்மேல் பொய்ப்பழி போட்டாள் என்று மேலே எழுதிவிட்டார். ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தார்கள். பரீட்சை எழுதாவிட்டால் அந்த வருடம் போகும். வருடம் போனால் அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தாள்.

விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. இந்த இடத்தைச் சுமதி விட்டுவிடக் கூடாது. எட்டு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பார்க்காமலே "ந" போட்டவள் என்று என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், என் சம்பளம்தான் எல்லாம். நட்பு மலர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எட்டு நாள் எதில் சேர்த்தி?

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெம்மேலியில் என் தங்கை செல்வி வீட்டுக்கு நீமாவைக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். திருப்போரூர் தாண்டியும் சொல்லவில்லை. செல்வி வாசலிலேயே, "இன்னாக்கா, இவ்ளோ ஒசரமா ஒண்ணக் கூட்டினு வந்துகீற, எங்கூட்டு வாசல்ல பூருமா?" என்றாள். நீமா குனிந்து நுழைந்து, "பூந்துட்டேன்" என்றாள். பிறகு இரண்டு பேரும் மீன் ஆய்ந்தார்கள். கருவாட்டு வாசம் எங்க ஊரிலும் இதேதான் என்று நீமா சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுவிட்டு அவள் கடலைப் பார்க்கப் போனபோது செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தச் செவப்ப நீ முன்னாடியே பாத்தியா?"

"பாத்தேன்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"சொல்லல."

"அவ எம்மாம் நேரமா எம்புள்ளைக்கு மீன்ல முள்ளு எடுத்துக் குடுத்துகினு இருந்தா. நீ பாத்துகினு குந்திருந்த." கரண்டியை மறுபடி எடுத்து, "சொல்லிட்டு வா. சொல்லாம இந்தூட்டுல சோறு துன்ன வராத" என்றாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

அன்றிரவு தூங்காமல் யோசித்தபோதுதான் ஒட்டு ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு முன்னால் அந்தப் புத்தகத்தில் அறுபத்திரண்டாம் பக்கம் ஓரத்தில் கிழிந்திருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையைத் தடவி, மேலே எழுத்து தெரிகிற மாதிரி மெல்லிய டிஷ்யூ காகிதம் ஒட்டினேன். ஓரத்துச் சிவப்பு மை ஈரத்தில் ஊறி ரோஸ் நிறமாகப் பரவியது. வேலை அசிங்கமாகிவிட்டதே என்று எனக்கு வருத்தம். ரிப்பேர் நோட்டு நான் தமிழில் எழுதுவது, அதை யாரும் பார்ப்பதில்லை. அதில் தேதியோடு, "62ஆம் பக்கம் ஒட்டு. சிவப்பு மை ஊறிவிட்டது" என்று எழுதி வைத்திருந்தேன்.

விசாரணை பிரின்சிபால் ரூமில். பிரின்சிபால், இங்கிலீஷ் மேடம், லைப்ரேரியன் சார் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீமா நின்றாள். புத்தகத்தையும் ரிஜிஸ்டரையும் கொண்டுவந்து வைப்பதுதான் என் வேலை. வைத்தேன்.

"இந்தாம்மா, நீ போலாம்" என்றார் சார்.

நான் போகவில்லை. முந்தானைக்குள் வைத்திருந்த ரிப்பேர் நோட்டை எடுத்துப் பிரின்சிபால் முன்னால் வைத்தேன்.

"உங்க பேரு?" என்றார் பிரின்சிபால்.

"அஞ்சல. அந்த ந நான் போட்டது சார். அது தப்பு. செவப்பு அப்பவே இருந்திச்சி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அர்த்தம் எழுதிகிறாங்கன்னு வுட்டுட்டேன். அறுவத்திரெண்டாம் பக்கம் பாருங்க. செவப்பு என் ஒட்டுக்குக் கீய கீது. மேல எழுதுனா ஊறாது. இந்தப் பொண்ணு புக்கு எடுக்கறதுக்கு முன்னாடியே ஒட்டினது. தேதி போட்டுகீறேன்."

அவ்வளவு நீளமாக அந்தக் கல்லூரியில் நான் பேசியதே இல்லை. இங்கிலீஷ் மேடம் பக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். டிஷ்யூ காகிதத்துக்கு அடியில் ரோஸ் நிறம் தெரிந்தது. நோட்டில் தேதியைப் பார்த்தார். பக்கத்தை மறுபடி பார்த்தார். பிறகு நீமாவைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார். இவரிடம்தான் அவள் முதலில் காட்டியது.

நீமா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நன்றி என்று எழுத மாட்டேன். இத்தனை நாள் தெரிந்துமா என்ற கேள்வி அதில் இருந்தது.

"அப்ப இவளுக்கு முன்னாடி எடுத்தது யாரு?" என்று பிரின்சிபால் கேட்டார். நான் உள் அட்டைப் பையிலிருந்து கார்டை உருவி வைத்தேன். நீமா பேருக்கு மேலே மூன்று பேர். லைப்ரேரியன் சார் கார்டை எடுத்துப் பார்த்தார். நான் வெரிபை பண்ணிச் சொல்கிறேன் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் கார்டை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. மூன்று பேரில் ஒருவரா, இரவல் வாங்கிய வேறு யாரோவா, தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படவில்லை என்பது தெரியும்.

முடிவு இதுதான். ஹால் டிக்கெட் கொடுப்பார்கள். கறுப்பு மை பூசியதற்கு நீமா மன்னிப்புக் கடிதம் தர வேண்டும்.

"செவப்பு எழுதுனவங்க லெட்டர் எப்ப தருவாங்க சார்?" என்று நீமா தமிழில் கேட்டாள். தமிழ் தெரிந்த மூன்று பேரும் தமிழ் தெரியாதவர்கள் மாதிரி இருந்தார்கள்.

எழுதிக் கொடுத்தாள். மறுநாள் பரீட்சை, வேறு என்ன செய்வாள்? அந்த நாவலிலிருந்துதான் கேள்வி வந்ததாம், அந்த இருவரின் நட்பை விளக்குக என்று. அறை நிறையப் பிள்ளைகள் நட்பை விளக்கியிருப்பார்கள். அவளுக்குப் பக்கத்து மேசையில் ஒரு நாள்கூட உட்காராதவர்கள் பக்கம் பக்கமாக விளக்கியிருப்பார்கள்.

இரண்டு நாள் என்னிடம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா எழுதுன?" என்று கேட்டேன்.

"நாலு நாளு தூக்குனான். காலு வலிச்சிதா, யாரும் கேக்கல. எங்க ஆயா மட்டும் கேட்டா. அப்டி எழுதினேன்."

"மார்க்கு போடுவாங்களா?"

"பாஸு போதும்" என்றாள். "நீ இன்னாத்துக்கு ஆயா எட்டு நாள் சும்மா இருந்த?"

"பயம்" என்றேன். அவள் டிபன் டப்பாவை இழுத்து மூடியைத் திறந்தாள். சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் என்னை நூலகத்திலிருந்து மாற்றி ஹாஸ்டல் பாத்ரூம் கழுவ அனுப்பினார்கள். ரிட்டையர் ஆகும்வரை அதுதான். நீமா படிப்பை முடித்துவிட்டுப் போனாள். மூன்று பேர் உட்கார்ந்த அந்த ரூமைப் பற்றி மலரில் ஒரு வரி இல்லை. போட்டோ மட்டும் இருக்கிறது. நாவலில் வருவதைப்போல என்று எழுதியிருக்கிறார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நாலு நாள் சுமந்தவன் பேரை ஒரே ஒரு முறை சொன்ன நாவல் அது. நீங்கள் அந்த ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

எனக்கு வயதாகிவிட்டது, பக்க எண் தப்பாக இருக்கலாம், முன்பின் மாறியிருக்கலாம். சுமதி, அல்லது இதைப் படிக்கிற யாராவது, தயவுசெய்து சரிபார்க்க வேண்டும். அந்தப் புத்தகத்தைக் கழித்துக்கட்டிவிட்டதாகச் சொல்வார்கள். கழித்த புத்தகங்கள் பின்பக்க அறையில் மூட்டையாகக் கிடக்கும். முதல் பக்கம் இல்லாவிட்டாலும் முப்பத்தேழில் நம் முத்திரை இருக்கும். ரிப்பேர் நோட்டு பச்சை அட்டை போட்டது, விசாரணை முடிந்ததும் திரும்ப எடுத்துவந்து பசைச் சட்டி வைக்கிற அலமாரியில் கீழ்த்தட்டில் விட்டு வந்தேன். கார்டு போனால் போகட்டும், புத்தகம் கொடுக்கிற ரிஜிஸ்டர் ஒன்று தனியாக உண்டு. அதில் நீமாவுக்கு மேலே அதே புத்தகம் மூன்று தடவை வரும். பாருங்கள். போட்டோவுக்கு அடியில் அவள் பேரைப் போடுங்கள். நீமா.

அறுபத்திரண்டாம் பக்கத்தைப் பார்க்கும்போது மட்டும், கையை ஓரத்தில் வைக்காதீர்கள். படிக்கும்போதெல்லாம் அவள் கை வைத்து மறைத்த இடம் அது.